260 ரூபாய் சிலிக்கான் டியூப், 13,550 ரூபாய் தண்டம்: பெயின்ட் அடிக்கும் முன்னாடி இதைக் கேளுங்க

வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருஷத்துல நம்மில் பலர் செய்யும் முதல் பெரிய "வீட்டுச் செலவு" எது தெரியுமா? பிரிட்ஜ், வாஷிங் மெஷின் இல்லை. ஊர்ல அப்பா அம்மா இருக்கிற வீட்டுக்கு பெயின்ட் அடிச்சுக் கொடுக்கிறதுதான். நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கையை விட்டுப் போகும். ஆனா அந்த வேலை நடக்கும்போது நாம அங்க இருக்க மாட்டோம். சென்னையிலோ பெங்களூரிலோ ஆபீஸ்ல உட்கார்ந்துக்கிட்டு, போன்லயே மேஸ்திரி வேலை பார்ப்போம்.

நானும் அப்படித்தான் பார்த்தேன். அதுல நான் விட்ட பணத்தோட கணக்கை ஒரு வீடியோவுல முழுசா சொல்ல முடியலை. அதனால இங்கே எழுதறேன்.

எங்க வீடு திருவண்ணாமலையில, ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவுல இருக்கு. கீழே அப்பா அம்மா, மாடி போர்ஷன் வாடகைக்கு. இந்தப் பகுதியில வாடகைக் கணக்கே தனி. ஆசிரமத்துக்கு வந்து ரெண்டு மாசம், மூணு மாசம் தங்கிட்டுப் போறவங்கதான் இங்கே நிறைய. வெளிநாட்டுக்காரங்க, வடநாட்டுக்காரங்க, ரிட்டயர் ஆன நம்மூர்க்காரங்க. டிசம்பர்ல ஆரம்பிச்சு பிப்ரவரி, மார்ச் வரை நல்ல கிராக்கி. ஏப்ரல், மே வெயில்ல ஆள் கிடைக்கிறது கஷ்டம். அதனால வீட்டுக்காரங்க எல்லாருக்கும் ஒரே அவசரம்: கார்த்திகை தீபத்துக்கு முன்னாடி பெயின்ட் அடிச்சு முடிச்சிடணும். தீபத்துக்கு முன்னாடின்னா எப்போ? ஐப்பசி. சரியா மழைக்காலம்!

2025 அக்டோபர்ல மாடி போர்ஷன் உள்ளேயும் வீட்டு முன்பக்கமும் சேர்த்து, மெட்டீரியலோட 46,000 ரூபாய்க்குப் பேசினோம். பெயின்டர் அப்பாவுக்கு இருபது வருஷப் பழக்கம். மாடியில யுபிவிசி ஜன்னல் ஆறு. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு மெல்லிய இடைவெளி, அதுவழியா மழைத்தண்ணி கசிஞ்சு உள்பக்கம் ஓதம் அடிச்சிருந்தது. அதை அடைக்கணும்னு அவர் சொன்னார். நான் உடனே புத்திசாலியா ஆன்லைன்ல ரிவ்யூ எல்லாம் படிச்சு, டியூப் 260 ரூபாய்னு நாலு சிலிக்கான் டியூப் ஆர்டர் போட்டு அனுப்பினேன். உள்ளூர் கடையில 180 ரூபாய்க்கு வேற ஒண்ணு கிடைச்சது. விலை கூடுதலா இருக்கிறதுதானே நல்லதா இருக்கும்?

வீடியோ கால்ல பெயின்டர் அந்த டியூபைத் திருப்பிப் பார்த்துட்டுச் சொன்னார்: "தம்பி, இது கண்ணாடிக்குப் போடறதுப்பா. இதும்மேல கலர் நிக்காது. நம்ம கடையில அக்ரிலிக் இருக்கு, வாங்கிக்கட்டுமா?"

"இல்லண்ணே, இது முழு வாட்டர்ப்ரூஃப். நல்ல கம்பெனி. இதையே போடுங்க."

"சரிப்பா. நீங்க சொன்னா சரி."

பட்டி, பிரைமர், ரெண்டு கோட் எமல்ஷன். எல்லாம் முடிஞ்சு போட்டோ வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. அன்னைக்கே முழுப் பணமும் யுபிஐல போயிடுச்சு. நவம்பர் நடுவுல அம்மா போன் பண்ணினாங்க. "ஜன்னல் ஓரமெல்லாம் தோல் உரியுதுடா." பாம்புச் சட்டை மாதிரி, நீள நீளமா, கையால இழுத்தா முழுசா வருதாம். இதுல ரொம்பக் கடுப்பு என்னன்னா, சிலிக்கான் அப்படியே இருந்தது. தண்ணியும் கசியலை. அதுக்கு மேல அடிச்ச பெயின்ட் மட்டும்தான் கழண்டது.

ஏன் ஒட்டலை?

எண்ணெய் தடவின தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சுப் பாருங்க. பரவாது, முத்து முத்தா உருண்டு ஓடும். சிலிக்கான் மேல பெயின்ட் அடிக்கும்போதும் கிட்டத்தட்ட அதுதான் நடக்குது.

ஒரு திரவம் ஒரு பரப்புல நல்லாப் பரவி ஒட்டணும்னா, அந்தப் பரப்பு அதைத் தன் பக்கம் இழுக்கணும். பட்டி பார்த்த சுவர் நல்லா இழுக்கும். அதுல நுண்ணிய துளைகளும் இருக்கு, பெயின்ட் உள்ளே இறங்கிப் பிடிச்சுக்கும். சிலிக்கான்ல ரெண்டுமே இல்லை. சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோர்த்த சங்கிலி அது. அந்தச் சங்கிலியோட வெளிப்பக்கம் முழுக்க எதோடும் சேராத மெத்தில் தொகுதிகள். ஒட்டாம இருக்கிறதுதான் அதோட குணம். கேக் செய்யற சிலிக்கான் அச்சுல மாவு ஒட்டாம கழண்டு வருதே, அதுவும் இதே குடும்பம்தான். போதாததுக்கு, சிலிக்கான்ல இருந்து கொஞ்சம் எண்ணெய்ப் பசை மெதுவா வெளியே வந்துக்கிட்டே இருக்கும். கார் டிங்கரிங் கடையில கேட்டுப் பாருங்க. பாலிஷ்ல இருந்த சிலிக்கான் சரியாத் துடைக்கப்படலைன்னா, புது பெயின்ட்ல குட்டிக் குட்டிக் குழி விழும். மீன்கண்ணுன்னு அதைச் சொல்வாங்க. அவங்க சிலிக்கானைக் கண்டு பயப்படறது அதனாலதான்.

அப்போ எனக்கு ரெண்டு கோட் எப்படி அழகா நின்னது? பெயின்ட் ஒட்டி நிக்கலை. ரெண்டு பக்கமும் இருக்கிற சுவரைப் பிடிச்சுக்கிட்டு, சிலிக்கான் மேல ஒரு பாலம் மாதிரிக் கிடந்தது. காய்ஞ்ச பெயின்ட் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். சிலிக்கான் ரப்பர், இழுபடும். வெயில்ல யுபிவிசி சட்டம் விரியும், ராத்திரி சுருங்கும். சிமென்ட் சுவரை விட இது பல மடங்கு அதிகமா விரியற பொருள். நாலடி ஜன்னல்ல 20 டிகிரி வெப்ப வித்தியாசம் வந்தா சட்டத்தோட நீளம் ஒன்றரை மில்லிமீட்டர் மாறும். சுவரோ கால் மில்லிமீட்டர்தான் மாறும். இந்த இழுபறி தினமும் நடக்குது. சிலிக்கான் அதுக்கு ஈடுகொடுக்கும், பெயின்ட் தாள் கிழியும். ஒரு இடத்துல கிழிஞ்சா போதும், மீதி தானா வந்துடும்.

"பிரைமர் அடிச்சா ஒட்டிடும்"னு யாராவது சொல்லுவாங்க. சாதாரண சுவர் பிரைமருக்கும் இதே பிரச்னைதான். பெயின்டோட பிரைமரும் சேர்ந்து உரியும், அவ்வளவுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சாலும் பலன் இல்லை. ரப்பர் உருண்டு உருண்டு சுத்தி இருக்கிற நல்ல சுவர்லயும் அந்தப் பசையைப் பூசிவிடும். சுருங்கச் சொன்னா ஒட்டாத இடம் இன்னும் அகலமாகும்.

கடையில பேர்லயே குழப்பம்

நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில போய் "சிலிக்கான் குடுங்க"ன்னு கேட்டா, துப்பாக்கி மாதிரி கன்ல மாட்டி அழுத்தற எந்த டியூபையும் எடுத்துக் கொடுப்பாங்க. டியூப் எல்லாம் ஒரே சைஸ், பெரும்பாலும் வெள்ளை. ஆனா உள்ளே இருக்கிறது வேற வேற பொருள்.

சுத்த சிலிக்கான்: பாத்ரூம், சிங்க், வாஷ் பேசின், கண்ணாடி. தண்ணி தேங்கற இடத்துக்கு இதுக்கு நிகர் இல்லை. பெயின்ட் வேணாத இடத்துக்கு மட்டும். இதுலயும் ரெண்டு வகை உண்டு. பிழியும்போது வினிகர் வாசனை அடிச்சா அது அசிட்டிக் அமிலம் விடற வகை. இரும்பு கிரில் பக்கத்துல போட்டா துருப்பிடிக்க வைக்கும், சிமென்ட்லயும் மார்பிள்லயும் சரிப்படாது. அதுக்கெல்லாம் நியூட்ரல்னு எழுதியிருக்கிறதை வாங்கணும்.

அக்ரிலிக் சீலன்ட்: தண்ணியில கரையற வகை, காய்ஞ்சா கெட்டியாகும். கை விரலை ஈரம் பண்ணி இழுத்துவிட்டா வழவழன்னு வரும். சுவருக்கும் கதவு நிலைக்கும் நடுவுல, ஸ்விட்ச் போர்டு ஓரத்துல, சுவர்க் கீறல்ல எல்லாம் இதுதான். மேல தாராளமா பெயின்ட் அடிக்கலாம். ஆனா காய்ஞ்சதும் கொஞ்சம் சுருங்கும், அதிகமா இழுபடாது, தண்ணியில ஊறற இடத்துக்கு ஆகாது.

வெளிப்பக்க ஜன்னல் ஓரம் மாதிரி, மழையும் வேணும் வெயிலும் தாங்கணும் கலரும் அடிக்கணும்னா, பாலியூரித்தேன் அல்லது எம்எஸ் பாலிமர் ஹைப்ரிட் சீலன்ட். விலை கூடுதல்தான். எங்க வீட்டுக்கு முதல்லயே தேவைப்பட்டது வெளிப்பக்கம் இதுவும், உள்பக்கம் அக்ரிலிக்கும். நான் வாங்கினது ரெண்டும் இல்லை.

நடுவுல "சிலிகனைஸ்டு அக்ரிலிக்"னு ஒண்ணு இருக்கு. பேரைப் பார்த்துப் பயப்படாதீங்க, அடிப்படையில அது அக்ரிலிக்தான். பேர் எதுவா இருந்தாலும் டியூப் பின்பக்கம் "பெயின்டபிள்"னு எழுதியிருக்கான்னு பாருங்க. போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னா முப்பது செகண்ட் வேலை. எழுதலைன்னா பெயின்ட் நிக்காதுன்னே வச்சுக்கோங்க.

ஏற்கனவே வீட்டுல போட்டிருக்கிறது எதுன்னு தெரியலையா? நகத்தால கிள்ளி இழுத்துப் பாருங்க. ரப்பர் பேண்ட் மாதிரி இழுபட்டுத் திரும்பி வந்தா சிலிக்கான். இன்னும் சந்தேகம்னா அதும்மேல ஒரு தொடு பெயின்ட் வைங்க. சுருங்கி முத்தாச்சுன்னா பதில் கிடைச்சாச்சு.

உரிஞ்சதைச் சரி பண்ண என்ன ஆச்சு

முழுச் சுவரையும் திரும்ப அடிக்கத் தேவையில்லை. ஆனா சிலிக்கானை முழுசா எடுக்கணும். கட்டர் பிளேடால ரெண்டு ஓரமும் அறுத்து, நாடா மாதிரி உருவி எடுத்துட்டு, பிளாஸ்டிக் தகட்டால மிச்சத்தைச் சுரண்டணும். யுபிவிசி பக்கம் சிலிக்கான் ரிமூவர் போட்டுத் துடைக்கலாம். சுவர் பக்கம் அது பத்தாது, பசை பட்டிக்குள்ள இறங்கியிருக்கும். அதனால ஓரத்துல ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டியையே கொத்தி எடுத்துட்டு, புதுசாப் பட்டி வச்சு, காயவிட்டு, அப்புறம் அக்ரிலிக் போட்டு, அது காய டியூப்ல சொன்ன நேரம் விட்டு, பிரைமர், ரெண்டு கோட். ஆறு ஜன்னல், ரெண்டு ஆள், மூணு நாள்.

கூலி ஆளுக்கு 900 வீதம் 5,400 ரூபாய். பட்டி, பிரைமர், எமல்ஷன், சீலன்ட், ரிமூவர் எல்லாம் சேர்த்து 3,150 ரூபாய். ஆனா அதோட முடியலை. டிசம்பர் 1-ம் தேதி குடிவர ஒருத்தர் பேசியிருந்தாங்க. தீபம் டிசம்பர் 3. அந்த வாரம் ரமணாசிரமம் பக்கம் நிலைமை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். செங்கம் ரோடு கிரிவலப் பாதை. லட்சக்கணக்குல ஜனம் நடக்கும், வண்டி உள்ளே விட மாட்டாங்க, பெயின்டருக்கே அந்த நாலஞ்சு நாள் வேற வேலை இருக்கும். கூட்டம் குறைஞ்ச பிறகுதான் வேலை ஆரம்பிச்சது. குடிவந்தது 11-ம் தேதி. மாச வாடகை 15,000, அதுல பத்து நாள் 5,000 ரூபாய் போச்சு.

மொத்தம் 13,550 ரூபாய். உள்ளூர்லயே 180 ரூபாய் டியூப் வாங்கியிருந்தா டியூப் கணக்குலயும் 320 ரூபாய் மிச்சமாகியிருக்கும்!

பெயின்டர் மேல கோபப்பட எனக்கு வழியே இல்லை. திரும்ப வந்தப்போ, "நான் அன்னைக்கே சொன்னேன்ல தம்பி"ன்னு ஒரு வார்த்தை கூட அவர் சொல்லலை. அது இன்னும் கஷ்டமா இருந்தது. யூடியூப்ல பத்து வீடியோ பார்த்துட்டு, முப்பது வருஷம் பிரஷ் பிடிச்சவர்கிட்ட "இதையே போடுங்க"ன்னு சொல்ற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட, அதாவது என்கிட்ட, கொஞ்சம் அதிகமாவே இருக்கு.

பணம் பேசும்போது

இப்போ நான் கொட்டேஷனை வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கறேன். "பெயின்டிங், மெட்டீரியலோட 46,000"னு ஒரே வரி எழுதினா ஏத்துக்கறதில்லை. எந்த பெயின்ட், எத்தனை கோட், பட்டி எத்தனை தடவை, இடைவெளி அடைக்க எந்த சீலன்ட். இந்த நாலும் தனித்தனியா இருக்கணும். சீலன்ட்டைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க, ஏன்னா மொத்தத் தொகையில அது ஆயிரத்துக்குள்ள வர்ற சங்கதி.

வரிசையும் முக்கியம். பாத்ரூம், கிச்சன் மேடை ஓரம் இங்கெல்லாம் சிலிக்கான் போடணும்னா, பெயின்ட் வேலை முழுசா முடிஞ்சு காய்ஞ்ச பிறகு கடைசியாத்தான். ஏற்கனவே இருக்கிற நல்ல சிலிக்கானை எடுக்க வேணாம்னா அதும்மேல மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு அடிக்கச் சொல்லுங்க. வெள்ளைக் கோடு தெரியுமேன்னு கவலைப்படாதீங்க, உரிஞ்ச கோட்டை விட அது எவ்வளவோ தேவலை.

முழுப் பணத்தையும் கடைசி நாளே கொடுக்காதீங்க. அதுக்காக, வேலை முடிஞ்ச பிறகு திடீர்னு "கொஞ்சம் நிறுத்தி வைக்கறேன்"னு சொல்றதும் நியாயம் இல்லை. அவருக்கும் ஆளுங்க கூலி இருக்கு. ஆரம்பத்துலயே பேசிடுங்க: மெட்டீரியலுக்கு முன்பணம், பாதியில ஒரு தவணை, முடிஞ்சதும் ஒரு தவணை, கடைசி பத்து சதவீதம் ஒரு நல்ல மழை பெய்ஞ்ச பிறகு. 46,000-க்கு அது 4,600 ரூபாய். என் கேஸ்ல இது எனக்கு உதவியிருக்காதுதான், தப்பு என்னோடது. ஆனா பெயின்டரே தவறான டியூபைப் போட்டிருந்தா, அந்த 4,600 ரூபாய்தான் அவரைத் திரும்ப வரவைக்கும். மிச்ச பெயின்ட்டையும், டப்பா மேல இருக்கிற ஷேடு நம்பரையும் பத்திரமா வைங்க. ஷேடு மாறினா நாலு அங்குல ரிப்பேருக்கு முழுச் சுவரும் அடிக்க வேண்டி வரும்.

இதுக்குப் பர்சனல் லோன் போடறவங்களையும் பார்க்கறேன். வேணாம். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை 46,000-னு வச்சா, மாசத்துக்கு 770 ரூபாய்க்குள்ள. ஒரு ஆர்டி போட்டா முடிஞ்சது. வரி விஷயத்துலயும் பலர் ஏமாறாங்க. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு, வாடகையில நகராட்சி வரி போக மிச்சத்துல 30 சதவீதம் கழிவு எப்படியும் உண்டு. பெயின்ட் அடிச்சாலும் அடிக்காட்டியும் அதே 30 சதவீதம்தான். பில்லைக் காட்டித் தனியா எதுவும் கழிக்க முடியாது. வீடு அப்பா பேர்ல இருந்தா இந்தக் கணக்கும் அவரோட ரிட்டர்ன்லதான் வரும், நீங்க பணம் கொடுத்திருந்தாலும்.

வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடி ஒட்ட, ஷெல்ஃப் ஒட்ட, கொசுவலை ஓரம் அடைக்கன்னு சுவர்ல சிலிக்கான் பிழியாதீங்க. காலி பண்ணும்போது அது உரிச்சா வராது, அந்த இடத்துல ஓனர் அடிக்கிற பெயின்ட்டும் நிக்காது, அட்வான்ஸ்ல கைவைக்க அவருக்கு ஒரு நல்ல காரணம் கிடைச்சிடும். ஒட்டியே ஆகணும்னா, எடுக்க வர்ற டேப்.

நான் அனுப்பின நாலு டியூப்ல ஒண்ணு பிரிக்காமலே இருந்தது. மாடி பாத்ரூம்ல வாஷ் பேசின் ஓரம் ரொம்ப நாளா கருத்துப்போய்க் கிடந்தது. பெயின்டர் அதைச் சுரண்டி எடுத்துட்டு அந்த டியூபை அங்கே போட்டார். "இதுக்குத்தான் தம்பி இது"ன்னார். ஒரு சொட்டுத் தண்ணி இறங்கலை.